ஏரியை உப்பளமாக்கியவள்

அரை மணி நேரம் பேசினாராம். மாறன், அரை மணி நேரம். இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டால் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பதில் சொல்லுகிற மனுஷன். கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் பூங்கோதையிடம் அவர் சேர்ந்தாற்போல ஐந்து வாக்கியம் பேசியது கேஸ் சிலிண்டர் கசிந்த அன்றைக்கு மட்டும்தான். அந்த வாய் போய் யாரோ ஒருத்தி நடத்துகிற ஆட்டத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசி, அழுது, பக்கத்திலிருந்தவர்களையும் அழவைத்துவிட்டு வந்திருக்கிறது. வந்து என்ன சொன்னார்? மதுரையில் விடைத்தாள் திருத்திவிட்டு அலுத்துப்போய் வந்த பெண்டாட்டி, ஆட்டம் எப்படி இருந்துச்சு என்று ஆசையாகக் கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு" என்றார். கால் கழுவிவிட்டு மோர் சாதம் சாப்பிட்டார். பூங்கோதை சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை நீவினாள். அது ஏற்கெனவே நீவித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், உறையூரே தின்றுவிட்டுத் தூங்குகிறது, மாறன் வண்டிக்குக் காற்று அடிக்கவும் பஜ்ஜி வாங்கவும் போயிருக்கிறார், நாலு மணிக்கு ஆட்டத்துக்கு ரெஜினாவும் ஜமாலும் வந்துவிடுவார்கள், அதற்குள் இந்தப் புத்தகத்தை ஒரு வழி பண்ண வேண்டும். வெளிநாட்டில் அச்சடித்த சாகசப் புத்தகம். வழவழத் தாள், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். உறைந்துபோன ஓர் ஏரி, அதன் நடுவில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் செத்தும் சாகாத ஒரு பிரபு, அவனிடமிருந்து ஒரு மணியை எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆட்டமும் அப்படியொன்றும் மாயமந்திரம் இல்லை. ஒருத்தர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷமாக அதற்குள் புகுந்து நான் கதவை உடைக்கிறேன், நான் ஒளிந்துகொள்கிறேன் என்பார்கள், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இந்த வீட்டில் உலகத்தைச் சொல்பவள் பூங்கோதை. டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் வரிசையில் அவளையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். நிமிர்ந்துகொண்டிருந்தது, போன மாதம் வரைக்கும்.

புத்தகத்தை அப்படியே மேசையில் வைத்து ஆட அவளால் முடியாது, அது அவள் வழக்கமில்லை. கடையில் வாங்கின மல்லியைக் கழுவாமல் குழம்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். ஓநாய் என்று எழுதியிருந்தால் இவள் செந்நாய் ஆக்குவாள், பிரபு என்றால் பாளையக்காரன், சத்திரத்தில் பீர் குடிக்கிறவர்கள் என்றால் சந்தையில் சுக்குக் காப்பி குடிக்கிறவர்கள். ரெஜினா திருடியாக வருவாள், பூட்டு இல்லாத கதையில் அவளுக்குப் பொழுது போகாது, ஆகையால் எந்த அறையானாலும் ஒரு பூட்டு. ஜமால் மருந்துக்கடை வைத்திருப்பவன், அவன் வேஷமும் வைத்தியன்தான், அவனுக்காக மூன்று பச்சிலையாவது வழியில் முளைத்திருக்க வேண்டும். மாறன் எப்போதும் வீரமுத்து என்கிற காவலாளி. கேடயம் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். எந்த இடத்துக்குப் போனாலும், என்ன செய்றீங்க என்று கேட்டால், "நான் வாசல்ல நிக்கிறேன்" என்பார். ஆகையால் பூங்கோதை எல்லா இடத்துக்கும் ஒரு வாசல் வைத்தாள். வெட்டவெளிக்குக்கூட இரண்டு பாறையை நட்டு, வாசல் மாதிரி இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். ஒரு மனுஷனுக்காக இதைவிட என்ன செய்ய முடியும்? தில்லை நகரில் காப்பிக்கடை மாடியில் ஆட்டம் நடத்துகிற அந்தச் சாருலதா என்ன செய்கிறாள்? புத்தகத்தில் போட்டிருப்பதை அப்படியே வாசிக்கிறாளாம். பூங்கோதை மதுரையில் இருந்தபோது மாறனோடும் ஜமாலோடும் அங்கே ஆடப் போய்வந்த ரெஜினாவே சொன்னாள், புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். "எதையும் மாத்தலை மிஸ், அப்படியே நடத்துறாங்க, ஆனா அந்தக் குரல் இருக்கே!" குரல். பின்னால் வயலின் வேறு ஓடுமாம். நீல விளக்காம். பெங்களூரிலிருந்து வந்தவளுக்கு விளக்குக்கு என்ன பஞ்சம். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டவளின் கதை பூங்கோதைக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்ய, குழவி கையில்தானே இருக்கிறது. இந்த எரிச்சலுக்கு ஜமால் கடையில் மாத்திரையும் கிடையாது.

மாறன் அங்கே பேசியதை ரெஜினா சொன்ன இடம்கூட நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறை, ரெஜினா டப்பாவில் எலுமிச்சை சாதம், அதில் ஒரு வேர்க்கடலை மட்டும் கருகியிருந்தது. ரெஜினா வாயைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் பாவம் மிஸ், எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை" என்றாள். எதுக்கு என்று இவள் கேட்டாள். "அதான் மிஸ், அவர் தம்பி விஷயம்." அந்த நிமிஷத்தில் பூங்கோதை ஒரு காரியம் செய்தாள். தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டினாள். ஆட்டியதால்தான் ரெஜினா எல்லாவற்றையும் சொன்னாள். கதையில் ஒரு படகு கவிழ்ந்ததாம், தண்ணீருக்கு மேலே ஒரு சின்னக் கை தெரிகிறது என்று சாருலதா சொன்னாளாம், வீரமுத்து வாசலில் நிற்கவில்லையாம், குதிக்கிறேன் என்றாராம். பகடையை உருட்டினார், விழுந்தது ஒன்று. கை கீழே போய்விட்டது என்றாளாம் அவள், வயலினோடு. அப்புறம்தான் மாறன் பேசினாராம். வீரமுத்துவாக இல்லை, மாறனாக. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழி இருந்தது யாருக்கும் தெரியாது என்றும், முழங்கால் தண்ணிதான் என்று தான்தான் தம்பியைக் கூட்டிப் போனதாகவும், கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்ததாகவும், பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னதாகவும், பச்சை டிராயர் போட்டிருந்தான் என்றதாகவும். "பச்சை டிராயர்னு சொன்னாரு பாருங்க மிஸ், அங்கதான் நான் உடைஞ்சிட்டேன்." ரெஜினா உடைந்தாள். ஜமால் உடைந்தான். சாருலதா எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தாளாம். தோளில். எந்தத் தோள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவருடைய இரண்டு தோளையும் பார்த்தாள், இரண்டும் பழைய தோள் மாதிரிதான் இருந்தன. எந்தத் தோள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் போயிற்று.

அவளுக்கு என்ன தெரியும் என்றால், ஒரு தம்பி இருந்தான், ஆற்றோடு போய்விட்டான். அதுவும் மாமியார் சொன்னது. கல்யாணமான புதிதில் லால்குடி வீட்டில், பின்கட்டில் துணி காயப்போடும்போது, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே சொன்னார். "அவன்கிட்ட கேட்டுப்புடாதம்மா. நீயா எடுக்காத." எடுக்கவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை. லால்குடிக்குப் போகிற பஸ் பாலத்தில் ஏறியதும் மாறன் டிக்கெட்டைப் படிக்க ஆரம்பிப்பார், காவிரி, கொள்ளிடம் இரண்டு பாலமும் தாண்டும்வரை படிப்பார், கண்டக்டர் பஞ்ச் அடித்த ஓட்டை வழியாகக்கூடப் பார்த்துக்கொண்டிருப்பார். இவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இந்தப் பக்கம் எதையாவது பேசுவாள். ஒரு நாள் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசும்போது, வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்ன என்று வாயில் வந்ததைப் பாதியில் விழுங்கி, தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். தமிழில் பேசவந்தால் எத்தனை ஆறு குறுக்கே ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தாள். பட்டம் வாங்கவில்லை, பதக்கம் வாங்கவில்லை, ஆனால் ஒரு நினைப்பு இருந்தது: என்றைக்காவது ஒரு நாள், தானாக, தன்னிடம்தான் சொல்லுவார். வேறு யாரிடம் சொல்லப்போகிறார்? இலவு காத்த கிளியாவது பஞ்சு பறந்ததைக் கண்ணால் பார்த்தது. இவளுக்கு எலுமிச்சை சாதத்தோடு செய்தி வந்தது.

சரி. அழவைப்பது அவ்வளவு பெரிய வித்தை என்றால் மாஸ்டருக்கும் தெரியும். சொல்லப்போனால் மாஸ்டருக்குத்தான் எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரியும். பூங்கோதை சதுரங்கப் பெட்டியைத் திறந்தாள். அவர்கள் ஆட்டத்தில் பொம்மைகளுக்குச் செலவு கிடையாது, குதிரை ரெஜினா, மந்திரி ஜமால், யானை வீரமுத்து, புளியங்கொட்டைகள் எதிரிகள். வெள்ளைச் சிப்பாய் ஒன்றை எடுத்தாள். சின்னது, தலை உருண்டை, சுண்டுவிரல் பாதி உயரம். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் படம் திருத்துகிற ஸ்கெட்ச் பேனாவில் பச்சையைத் தேர்ந்து, சிப்பாயின் இடுப்புக்குக் கீழே நிதானமாகத் தீட்டினாள். ஒரு சுற்று, காயவிட்டு இன்னொரு சுற்று. கோட்டைக்குப் போகிற வழியில் இவன் நிற்பான். அண்ணே என்று கூப்பிடுவான். அதைச் சொல்லும்போது குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்றுகூட வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், "அண்ணே", இன்னும் கொஞ்சம் மூச்சு சேர்த்து, "அண்ணே". மாறன் யானையை நகர்த்துவார். பேசுவார். இந்த மேசையில் பேசுவார். அந்த மாடியில் பேசியதைவிட அதிகமாகப் பேசுவார், ரெஜினா பார்த்துக்கொண்டிருப்பாள், நாளைக்கே போய்ச் சாருலதாவிடம் சொல்லுவாள், சொல்லட்டும், எங்க மிஸ் நடத்துன ஆட்டத்துல அண்ணன் பேசினதுக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமே இல்லை மேடம் என்று சொல்லட்டும். அந்த நினைப்பு வெல்லப்பாகு மாதிரி நாக்கில் ஒட்டியது. கீழே எவனோ வண்டியை உதைத்துக் கிளப்பினான். மாறன் வண்டி இல்லை, அது வேறு சத்தம்.

ஆட்டத்துக்காக வரைந்துவைத்த படத்தில் சிப்பாயை எங்கே நிறுத்துவது? அங்கேதான் இடறியது. கோட்டையைச் சுற்றி அவள் வரைந்துவைத்திருப்பது உப்பளம். உறைந்த ஏரி என்று புத்தகத்தில் இருந்ததை, நம்ம ஊருக்குப் பனி ஒத்துவராது என்று சொல்லி, போன வாரமே உப்பளமாக்கிவிட்டாள், வெள்ளைவெளேரென்று உப்புப் பாலை, வெயிலில் கண் கூசும், எல்லோரும் அருமை என்றார்கள். உப்பில் மூழ்கிய பிள்ளை எப்படி வருவான்? கரையில் கிடத்தலாம். எதன் கரை? தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு ஏரி வேண்டும். ஏரியைத்தான் எடுத்தாயிற்றே. பனி ஒத்துவராது, சரி, ஏரி ஏன் ஒத்துவராது? திருச்சிக்காரர்களுக்கு ஏரி ஒத்துவராதா? பனியை உருக்கினால் ஏரி. அதுதானே சுலபம், சின்னப் பிள்ளைக்குத் தெரியும், அதைச் செய்யாமல் எதற்கு அவ்வளவு உப்பைக் கொண்டுவந்து கொட்டினாள்? போன வருஷம் கடற்கொள்ளைக்காரன் கதை. கப்பலை எடுத்துவிட்டு ஒட்டகம் வைத்தாள், பாலைவனக் கொள்ளைக்காரன். அதற்கு முன்னால் கடலுக்குள் போன கோயில், அதை மணலுக்குள் புதைத்தாள். கன்னிமார் குளம் புற்றாகியது. நதி தேவதை காற்று தேவதையானாள். பாலங்களுக்குக் கீழே எப்போதும் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கில் எப்போதும் முள். மழைகூடப் பெய்ததில்லை. ஒரு மழைகூட. அவள் உலகத்தில் மனிதர்கள் ஆறு வருஷமாகக் குளிக்காமலே திரிந்துகொண்டிருக்கிறார்கள். பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. யாரும் சொல்லாமல், தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளாமல், ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு பக்கத்திலும் உட்கார்ந்து தண்ணீரை இறைத்திருக்கிறாள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பார்த்தீர்களா, எவள் செய்வாள் இதை, அந்தச் சாருலதா செய்வாளா, அவள் ஆற்றை அப்படியே ஆற்றோடு வைத்து நடத்துகிறவள். பெருமை கொஞ்ச நேரம்தான். அவள் ஆற்றை வைத்திருந்தாள், அவர் குதித்தார். இங்கே குதிக்க என்ன இருந்தது? உப்பும் முள்ளும் ஒட்டகமும். போதாததற்கு எல்லா இடத்திலும் ஒரு வாசல், போய் நின்றுகொள்ளுங்கள் என்று. பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஜன்னலை அறைந்து சாத்தினவளை மூச்சு முட்டிய பிள்ளை என்ன சொல்லித் திட்டும்?

ஆனாலும் கோபம் போகவில்லை. போகும் என்றா நினைத்தீர்கள்? ஆறு இல்லாவிட்டால் என்ன, வாய் இருந்ததே. பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்லப் படகு கவிழ வேண்டுமா? சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம் என்றால் கேட்டிருக்கலாமே என்று ஒரு குரல், நீயாக எடுக்காதே என்று இன்னொரு குரல், கிளிப்பைக் கவ்விக்கொண்டு. இரண்டுக்கும் நடுவில் மேசைமேல் அந்தச் சிப்பாய் நின்றுகொண்டிருந்தான், பச்சை டிராயரோடு, முகம் இல்லாமல். செத்துப்போன பிள்ளையைப் பொம்மையாக்கி, அண்ணே என்று கூப்பிடச் சொல்லி, அதற்கு ஒத்திகை வேறு பார்த்திருக்கிறாள். எதற்கு? ரெஜினா போய்க் கோள் சொல்ல. சீ என்று வாய்விட்டே சொன்னாள். முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பச்சை விரலுக்கு வந்தது, சிப்பாயை விட்டுப் போகவில்லை. போகாவிட்டால் கிடக்கட்டும், பெட்டிக்குள் போட்டுவிடலாம், முதலில் ஏரி. யாருக்காகவும் இல்லை, ஏரி புத்தகத்தில் இருந்தது, எடுத்தது இவள், இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். நீல ஸ்கெட்ச் பேனாவை எடுத்து உப்பளத்தின் மேல் தீட்ட ஆரம்பித்தாள். பெரிய ஏரி. பேனா காய்ந்துகொண்டு வந்தது, முனையை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தீட்டினாள். கரைப்பக்கம் தீட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து, மாறன் எண்ணெய்ப் பொட்டலத்தோடு உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்றுவிட்டார்.

"ஏரியா?" என்றார்.

"ம்."

"உப்பளம்னு சொன்ன?"

"மாத்திட்டேன்." தலையைத் தூக்காமல் தீட்டினாள். "புத்தகத்துல ஏரிதான் இருக்கு."

மாறன் பொட்டலத்தைச் செய்தித்தாளின் ஓரத்தில் வைத்தார். "தெரியும். அந்த ஒட்டகக் கதைக்குக்கூட அட்டையில கப்பல்தான் போட்டிருந்துச்சு."

பேனா நின்றது. "அப்பவே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏங்க சொல்லலை?"

"நீ பாத்துப் பாத்து எடுத்துக்கிட்டு இருந்த கோதை. நான் என்னன்னு சொல்றது, வேணாம் விடுன்னா?" அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்காரும்போதுதான் சிப்பாய் கண்ணில் பட்டது. ஏரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மறைக்க அவள் கை நகர்வதற்குள் அவர் கை அதை எடுத்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டட்டும், எறியட்டும், எழுந்து போய் வாசலில் நிற்கட்டும், எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"ரெஜினா சொல்லுச்சா?"

"ஆமா. ஆட்டத்துல வைக்கலாம்னு... புத்தி கெட்டுப்போய் பண்ணிட்டேங்க. வைக்கலை. துடைச்சுப் பாத்தேன், போகலை." அவள் பச்சை விரலைக் காட்டினாள். "எங்கிட்ட சொல்லலையேன்னு வயித்தெரிச்சல். அவகிட்ட போய் சொன்னீங்களேன்னு."

பஜ்ஜிப் பொட்டலத்தின் எண்ணெய் செய்தித்தாளில் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது. மாறன் கட்டைவிரலால் சிப்பாயின் பச்சையை ஒருமுறை தடவினார்.

"நீலம்" என்றார்.

"என்னங்க?"

"டிராயர். பச்சை இல்ல. நீலம், ஸ்கூல் டிராயர். லீவு நாள்லயும் அதைத்தான் போட்டுக்கிட்டுத் திரிவான், செழியன்."

"பச்சைன்னுதானே ரெஜினா..."

"அங்க பச்சைன்னுதான் சொன்னேன்."

ஏன் என்று கேட்க அவள் வாயெடுக்கும்போது அழைப்பு மணி அடித்தது. மாடிப்படியில் ரெஜினாவின் குரல், ஜமாலின் செருப்புச் சத்தம். மாறன் சிப்பாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். பூங்கோதை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். செழியன். பேர் செழியன், டிராயர் நீலம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அது துக்கம்தான், ஆனால் துக்கத்துக்கு அடியில் வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷமும் கிடந்ததை அவள் இல்லை என்று சொல்லமாட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. "எல்லாரும் ஏரிக்கரையில நிக்கிறீங்க" என்றாள் மாஸ்டர். குரல் கொஞ்சம் கரகரத்தது. "நடுவுல கோட்டை. சுத்தி எல்லாம் தண்ணி."

"ஏரியா? உப்பளம்னீங்களே மிஸ்!" என்றாள் ரெஜினா, வாயில் பஜ்ஜியோடு. "சரி, அண்ணன் வழக்கம்போல வாசல்ல நிக்கிறாரு, நாங்க ரெண்டு பேரும்..."

"இங்க வாசல் இல்லையே" என்றார் மாறன். யானையை எடுத்துக் குதிரைக்கும் மந்திரிக்கும் முன்னால், நீலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். "தண்ணி எவ்வளவு ஆழம் இருக்கும் மாஸ்டர்?"

ஆறு வருஷத்தில் அவர் அவள் உலகத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. ரெஜினா சட்டென்று மென்று விழுங்கிவிட்டு, எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஜமாலைப் பார்த்தாள், ஜமால் தலையைக் குனிந்துகொண்டான். பார்க்கட்டும். பச்சை என்று நினைத்துக்கொண்டே பார்க்கட்டும். ரெஜினாவுக்குத் தெரியாது, ஜமாலுக்குத் தெரியாது, தில்லை நகர் மாடியில் இருக்கிறவளுக்குத் தெரியவே தெரியாது.

"கரையில நின்னா தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை பகடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.